நாலு கணக்கு தெரிந்தால் நாடாளலாம்

முதலாளித்துவத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட கார்ல் மார்க்சுக்குப் பல்லாயிரம் பக்கம் தேவைப்பட்டது. சரி, அதை இடித்துத் தள்ளிய பிறகு அந்த இடத்தில் என்ன கட்டுவது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் சுருக்கமானது. வருங்காலத்து ஓட்டல்களுக்கெல்லாம் நான் சமையல் குறிப்பு எழுதுவதாக இல்லை என்று, 1873-ல் 'மூலதனம்' இரண்டாம் பதிப்பின் பின்னுரையில் கைவிரித்துவிட்டார். நேர்மையான மனுஷன், தெரியாததைத் தெரியாது என்றார். ஆனால் 44 வருஷம் கழித்து, பூமியின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை அவர் பெயரைச் சொல்லி ஒரு கோஷ்டி கைப்பற்றியது. கையில் மூன்று தடித்த புத்தகம் இருந்தது. மூன்றையும் புரட்டிப் பார்த்தாலும் நாளை காலை ரொட்டி என்ன விலை என்பது மட்டும் இல்லை.

அந்தப் புத்தகம் ரஷ்யாவுக்குள் நுழைந்த கதையே தனி நாடகம். முதலில் அதை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டவர் அராஜகவாதி பக்கூனின். பதிப்பாளரிடம் 300 ரூபிள் முன்பணம் வாங்கினார். கொஞ்சம் எழுதினார். அலுத்துவிட்டது. பணம் செலவாகியிருந்தது. அவருடைய சீடப்பிள்ளை நெச்சாயெவ், பதிப்பாளருக்காகப் பேசிய மாணவனுக்கு ஒரு மிரட்டல் கடிதம் போட்டான்: முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் நடப்பதே வேறு. சொத்துடைமையை ஒழிக்கும் லட்சியத்துக்காக இதைவிடத் தீவிரமாக யாரும் களத்தில் இறங்கியதில்லை. அந்தக் கடிதத்தை மார்க்ஸ் பத்திரமாகப் பிடித்து வைத்து, 1872-ல் ஹேக் மாநாட்டில் பக்கூனினை அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வெளியே தள்ளப் பயன்படுத்தினார். அதே வருஷம் வேறு ஆட்கள் முடித்த ரஷ்ய மொழிபெயர்ப்பு ஜார் மன்னரின் தணிக்கை அதிகாரியிடம் போனது. அவர் படித்துப் பார்த்து, இதைக் கொஞ்சம் பேர்தான் படிப்பார்கள், அதிலும் கொஞ்சம் பேருக்குத்தான் புரியும் என்று அனுமதி கொடுத்துவிட்டார். ஆசிரியரின் படம் மட்டும் கூடாது என்றார். தாடியைப் பார்த்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள், உள்ளடக்கத்தால் ஆபத்தில்லை! அந்த அதிகாரி இலக்கிய விமர்சகராகப் போயிருந்தால் பேர் வாங்கியிருப்பார். போலீஸ் வேலைக்குத்தான் லாயக்கில்லை.

அடுத்து லெனின். 1917 ஆகஸ்ட், செப்டம்பரில் போலீசுக்குத் தப்பி ஒளிந்திருந்த நேரத்தில் 'அரசும் புரட்சியும்' எழுதினார். பொருளாதார நிர்வாகம் என்பது பெரிய வித்தையே இல்லை, முதலாளித்துவமே அதை எளிமையாக்கி வைத்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. கவனிக்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் தெரிய வேண்டும், ரசீது கிழித்துத் தர வேண்டும். எழுத்தறிவுள்ள எவனும் செய்யலாம். முழுப் பொருளாதாரத்துக்கும் முன்மாதிரியாக அவர் காட்டியது தபால் இலாகாவை. மணியார்டர் அனுப்ப ஜன்னலருகே நின்ற அனுபவமுள்ள எவரும் இந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

நவம்பரில் ஆட்சி கைக்கு வந்தது. கஜானா வரவில்லை. அரசு வங்கி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டாளிகளின் அரசுக்கு எதிராக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. புதிய அரசின் நிதித்துறை மக்கள் ஆணையர் மென்ஷின்ஸ்கி. அவர் இலாகா என்பது ஸ்மோல்னி மாளிகையில் ஒரு சோபா. சோபாவுக்கு மேலே 'நிதித்துறை மக்கள் ஆணையகம்' என்று ஒரு காகிதம். சோபாவில் ஆணையர் அசதியில் படுத்திருந்தார். வேலை தேடி வந்த பெஸ்த்கோவ்ஸ்கி என்ற தோழரிடம், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். லண்டன் பல்கலைக்கழகத்தில் படித்தேன், மற்ற பாடங்களோடு நிதியும் இருந்தது என்று அவர் வாயைத் திறந்துவிட்டார். மென்ஷின்ஸ்கி எழுந்து போய், கொஞ்ச நேரத்தில் லெனின் கையெழுத்திட்ட காகிதத்தோடு திரும்பினார்: இவர் அரசு வங்கியின் மேலாளர். எனக்கு அனுபவமே இல்லை என்று பெஸ்த்கோவ்ஸ்கி அலறியதை அவரே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கூடிய சீக்கிரம் வேறு வேலை தேடிக்கொண்டு ஸ்டாலினுக்குத் துணையாளாகப் போய்ச் சேர்ந்தார். மென்ஷின்ஸ்கி பின்னாளில் ரகசிய போலீசுக்குத் தலைவரானார். அந்த இலாகாவில் தூக்கம் குறைவு.

வங்கியிலிருந்து ஒருவழியாக 50 லட்சம் ரூபிளைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார்கள். வைக்க இடம்? லெனின் அறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய துணி அலமாரி. அலமாரியைச் சுற்றி நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு, ஒரு காவலாளியையும் நிறுத்தினார்கள். சோவியத் அரசின் முதல் கருவூலம் இதுதான். உலக முதலாளித்துவம் லண்டனிலும் நியூயார்க்கிலும் இரும்புப் பெட்டகம் வைத்திருந்தபோது, அதற்கு மாற்று சக்தி பீரோ வைத்திருந்தது.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. விவசாயியிடம் 'உபரி' தானியத்தைத் துப்பாக்கி காட்டி எடுத்தார்கள். உபரி எவ்வளவு என்பதைத் துப்பாக்கி வைத்திருந்தவர் முடிவு செய்தார். போர் நெருக்கடியில் எந்த அரசும் இதில் பாதியைச் செய்யும். ஆனால் நெருக்கடிக்குச் செய்ததையே தத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடியதுதான் இவர்களுடைய தனிச்சிறப்பு. பணம் செல்லாக்காசாகிக் கொண்டிருந்தது. அடேடே, பணமில்லாத சமுதாயம் பிறக்கிறது என்று பூரித்தார்கள். பிரியோபிரஜென்ஸ்கி என்ற கட்சிப் பொருளாதார அறிஞர், நோட்டடிக்கும் அச்சு இயந்திரத்துக்கே புகழ்மாலை சூட்டி எழுதினார். முதலாளித்துவத்தின் முதுகில் சுடும் இயந்திரத் துப்பாக்கியாம் அது. 1920 தொடக்கத்தில் வங்கியையே மூடினார்கள். அந்த வருஷக் கடைசியிலிருந்து ரேஷனுக்குக் காசு வேண்டாம், வீட்டு வாடகை வேண்டாம், தபாலுக்கு வேண்டாம் என்று வரிசையாக ஆணைகள் வந்தன. எல்லாம் இலவசம். எதுவும் இல்லை. 1917-ல் 20 லட்சத்துக்கும் மேல் ஜனத்தொகை இருந்த பெத்ரோகிராடில் 1920-ல் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மற்றவர்களில் பெரும்பாலோர் உருளைக்கிழங்கு இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். தொழிலாளர் புரட்சியின் தலைநகரத்தில் தொழிலாளரைத் தேட வேண்டியிருந்தது.

நகரத்தில் மிஞ்சியவர்களுக்குப் பாதிச் சோறு போட்டவர்கள் மூட்டைக்காரர்கள். கிராமத்துக்கு ரயில் ஏறிப் போய், ஊசி, நூல், பழைய கோட்டு கொடுத்து மாவு வாங்கி, மூட்டையில் கட்டி வந்து விற்பார்கள். சட்டப்படி குற்றம். பிடிபட்டால் மூட்டை போகும், சில சமயம் ஆளும் போவான். மாஸ்கோவின் சுகரெவ்கா சந்தையில் இந்த வியாபாரம் பட்டப்பகலில் நடந்தது. 1920 டிசம்பரில் அதை இழுத்து மூடினார்கள். கடையை மூடியாயிற்று, ஆனால் ஒவ்வொரு சிறு உடைமையாளன் மனசுக்குள்ளும் ஒரு சுகரெவ்கா இருக்கிறதே என்று லெனின் அங்கலாய்த்தார். மனசுக்குள் இருப்பதை மூட எந்தச் சோவியத்துக்கும் அதிகாரம் போதவில்லை.

1921 மார்ச்சில், புரட்சியின் செல்லப்பிள்ளைகளான கிரான்ஷ்டாட் கடற்படையினரே கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்தை நசுக்கிய அதே வாரங்களில் லெனின் 'புதிய பொருளாதாரக் கொள்கை' என்று அறிவித்தார். அதில் புதிதாக என்ன இருந்தது? விவசாயி வரி கட்டிவிட்டு மிச்சத்தைச் சந்தையில் விற்கலாம். பாபிலோனியர்களுக்கே தெரிந்த சங்கதி. அதற்குள் வோல்கா பக்கம் பஞ்சம் புகுந்து சுமார் 50 லட்சம் உயிரைக் கொண்டுபோயிற்று. 1922-ல் உச்ச கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சோறு போட்டது அமெரிக்க நிவாரண அமைப்பு. நடத்தியவர் ஹெர்பர்ட் ஹூவர், சுத்தமான முதலாளித்துவப் பிறவி.

நிதியமைச்சராக வந்த சோகோல்னிகவ் நாணயத்தைச் சுத்தம் செய்தார். 1922-ல் பழைய 10,000 ரூபிள் புது ஒரு ரூபிளானது. அடுத்த வருஷம் அதில் 100 சேர்ந்து ஒன்றானது. 1924-ல் அந்த ஒன்றில் 50,000 சேர்ந்து ஒரு பொன் ரூபிளானது. பெருக்கிப் பார்த்தால் பழைய 5,000 கோடி ரூபிளுக்குப் புது ரூபிள் ஒன்று. கடைகள் திறந்தன, ரொட்டி வந்தது, புதுப் பணக்காரர்களும் வந்தார்கள். 1925-ல் கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரின் உணர்ச்சிவசப்பட்டு, பணம் சேருங்கள் என்று விவசாயிகளைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பிற்பாடு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1938-ல் அவரைச் சுட்டார்கள். சோகோல்னிகவும் சிறையில் கொல்லப்பட்டார். அச்சு இயந்திரத்தைப் போற்றிய பிரியோபிரஜென்ஸ்கியையும் சுட்டார்கள். தாராளம், தீவிரம் என்று பொருளாதாரக் கொள்கையில் வித்தியாசம் பார்க்காத ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

1928-ல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க எத்தனை டன் எஃகு, எத்தனை ஜோடி செருப்பு, எத்தனை டிராக்டர் என்று கோஸ்பிளான் என்ற திட்டக் கமிஷன் மாஸ்கோவிலிருந்து எழுதி அனுப்பும். எழுதி அனுப்பியதை மேலே இருப்பவர் பெருக்குவார். ஐந்து வருஷ வேலையை நாலு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்று முழக்கம். 1931-ல் ஒரு சுவரொட்டி போட்டார்கள்: 2 + 2, அதோடு தொழிலாளர்களின் உற்சாகம், ஆக 5. கிண்டலில்லை, அரசாங்கச் சுவரொட்டி. குறைந்த இலக்கு போதும் என்று மெல்லச் சொன்ன நிபுணர்களை 1930-லேயே கைது செய்ய ஆரம்பித்திருந்தார்கள். குறைந்த வேகத்துக்காக உள்ளே போய் உட்காருவதைவிட அதிக வேகத்துக்காக எழுந்து நிற்பது மேல் என்பது திட்டக் கமிஷன் ஆட்களிடையே புழங்கிய பேச்சு. புள்ளியியல் முறை என்று பார்த்தால் பிழையில்லாத முறை; எழுதுகிறவர் உயிரோடிருப்பார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆலைகள் எழும்பின. ஆனால் யார் எழுப்பியது? ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலைக்கு வரைபடம் போட்டவர் டெட்ராய்டின் ஆல்பர்ட் கான். கார்க்கி நகரத்து மோட்டார் ஆலைக்கு ஹென்றி ஃபோர்டோடு ஒப்பந்தம். மக்னிதகோர்ஸ்க் எஃகு நகரத்துக்கு முன்மாதிரி அமெரிக்காவின் கேரி நகரம். தத்துவம் மார்க்சுடையது, ரசீது ஃபோர்டுடையது. அந்த ரசீதுக்குப் பணம் தானிய ஏற்றுமதியிலிருந்து வந்தது. 1930, 1931 இரண்டு வருஷமும் சுமார் 50 லட்சம் டன் தானியம் வெளியே போயிற்று. கூட்டுப்பண்ணையில் சேர்க்கப்பட்ட விவசாயி, மாட்டைக் கொடுப்பதற்குப் பதில் வெட்டித் தின்றான். நாட்டுக் குதிரைகளில் பாதி அழிந்தது. 1932-33-ல் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் வோல்கா பக்கத்திலும் லட்சக்கணக்கானவர்கள், மொத்தத்தில் பல பத்து லட்சம் பேர், பட்டினியால் செத்தார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு வருவது கணக்குப்பிள்ளைகளைப் பார்த்துத்தான். 1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். 18 கோடி வரும் என்பது திட்டம். வந்தது 16.2 கோடி. ஆட்கள் குறைவதற்கு என்ன காரணம் என்று யாரும் விசாரிக்கவில்லை. எண்ணியவர்களைக் கைது செய்தார்கள். கணக்கெடுப்பை நடத்திய க்விட்கின் சுடப்பட்டார். 1939-ல் மறுபடி எண்ணினார்கள். இந்த முறை எண்ணியவர்களுக்கு எண்ணத் தெரிந்திருந்தது, 17 கோடி வந்தது.

இலக்கு என்பது ஓர் எண்ணாக வந்தால் ஆலை மேலாளர் அந்த எண்ணுக்குத்தான் வேலை செய்வார். ஆணிக்கு இலக்கு டன்னில் வந்ததா, கனத்த ஆணி அடிப்பார். 'குரகதீல்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் உண்டு: ஆலை முழுக்க நீளும் ஒரே ஒரு ராட்சத ஆணி, மாதத் திட்டம் நிறைவேறிவிட்டது. அது கற்பனை. சரவிளக்கு கற்பனை இல்லை. வீட்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று யாரும் சரவிளக்கு செய்வதில்லை, எடை கூடட்டும் என்று செய்கிறார்கள், ஏனென்றால் உற்பத்தியை டன்னில் கணக்கிடுகிறோம் என்று ஸ்டாலினுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த குருஷ்சேவே மேடையில் புலம்பினார். ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். டன் கணக்கென்றால் தடிமன், சதுர மீட்டர் கணக்கென்றால் கை வைத்ததும் உடையும் மெலிவு. லெனின்கிராடில் கணித மேதை கான்தரோவிச் ஒரு ரயில்பெட்டி ஆலைக்கு, தகட்டை வீணாகாமல் வெட்டக் கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்று ஒரு கதை. வீண் குறைந்தது. உடனே ஆலைக்குக் கண்டனக் கடிதம் வந்தது: பழைய இரும்பு ஒப்படைக்கும் இலக்கை ஏன் எட்டவில்லை? அதே கான்தரோவிச்சுக்கு 1975-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பரிசு வந்த நாடு சுவீடன்.

கடலில் நடந்தது இன்னும் அநியாயம். சோவியத் திமிங்கல வேட்டைக் கப்பல்களுக்கும் இலக்கு, இலக்கைத் தாண்டினால் போனஸ், அடுத்த வருஷம் அந்தத் தாண்டிய அளவே இலக்கு. திமிங்கல எண்ணெய்க்கும் கறிக்கும் நாட்டில் அத்தனை தேவையே கிடையாது. அதனாலென்ன? தென்கடல்களில் 48,000-க்கும் மேற்பட்ட கூனல் திமிங்கலங்களைக் கொன்றுவிட்டு, சர்வதேச ஆணையத்திடம் 2,710 என்று எழுதிக் கொடுத்தார்கள். கொன்றதில் எத்தனையோ தோலுரிக்கவும் நேரமில்லாமல் கெட்டுப்போயின. சோவியத் வரலாற்றில் சாதனையைக் குறைத்துச் சொன்ன புள்ளிவிவரம் இது ஒன்றுதான். உண்மைக் கணக்கை வெளியே கொண்டுவந்தவர் யாப்லகவ் என்ற உயிரியலாளர், 1993-ல்.

இத்தனையையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் ரியாசானுக்குப் போக வேண்டும். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள மாகாணம். 1957 மே மாதம் குருஷ்சேவ் லெனின்கிராடில் மேடையேறி, மூன்று நாலு வருஷத்தில் இறைச்சி, பால், வெண்ணெயில் அமெரிக்காவைப் பிடித்துவிடுவோம் என்றார். பொருளாதார நிபுணர்கள் 1975 ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதையும் அவரே மேடையில் சொல்லிக் கிண்டலடித்தார். இறைச்சி மூன்று மடங்குக்கும் மேல் பெருக வேண்டும். மாடு என்பது கன்று போட்டு, கன்று வளர்ந்து ஆளாக வேண்டிய பிராணி. கட்சித் தீர்மானத்தைப் படித்துவிட்டுச் சீக்கிரம் பெருக்காது.

ரியாசான் மாகாணக் கட்சிச் செயலாளர் லாரியோனவ் சூட்டிகையானவர். மாகாணம் 1958-ல் அரசுக்குக் கொடுத்த இறைச்சி 48,000 டன். 1959-ல் 1,50,000 டன் தருவோம் என்று உறுதி எழுதினார். நடக்காது என்று கட்சியின் விவசாய இலாகாவே தயங்கியது. குருஷ்சேவ் விடவில்லை, ஜனவரி 9 கட்சி நாளிதழ் 'பிராவ்தா'வில் உறுதிமொழி வந்தது. மற்ற மாகாணச் செயலாளர்கள் சும்மா இருப்பார்களா? நாங்கள் ரெண்டு மடங்கு, நாங்கள் ரெண்டரை என்று வரிசை கட்டினார்கள். பிப்ரவரியிலேயே குருஷ்சேவ் ரியாசானுக்கு நேரில் போய் லெனின் விருது கொடுத்தார். மாடு இன்னும் புல் தின்றுகொண்டிருந்தது.

விருது வாங்கியாயிற்று, இனி இறைச்சி தேட வேண்டும். முதலில் கறிக்கென்று வளர்த்த மாடுகள் போயின. போதவில்லை. கறவை மாடுகளையும் இனப்பெருக்கக் காளைகளையும் அனுப்பினார்கள். போதவில்லை. கூட்டுப்பண்ணை விவசாயிகள் வீட்டுக் கொல்லையில் சொந்தமாக வைத்திருந்த மாடுகளை, தற்காலிகமாக என்று ரசீது கொடுத்து ஓட்டிப்போனார்கள். அந்தத் தற்காலிகம் இறைச்சிக் கூடத்தில் முடிந்தது. அப்போதும் போதவில்லை. இயந்திரம் வாங்கவும் பள்ளிக்கூடம் கட்டவும் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து மாகாணங்களில் மாடு வாங்கக் கிளம்பினார்கள். பக்கத்து மாகாணங்களுக்கும் உறுதிமொழி இருந்தது. அவர்கள் ரியாசான்காரர்களை வழிமறிக்கச் சாலையில் ஆள் போட்டார்கள். ராத்திரியில் மாடு கடத்தினார்கள். ஒரு மாட்டை அரசிடம் விற்றுப் பெற்ற பணத்தால் இன்னொரு மாட்டை வாங்கி மறுபடி அரசிடம் விற்கும் இந்த ஏற்பாட்டில் மார்க்ஸ் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒரு சுழற்சி விதி இருக்கிறது.

டிசம்பர் மத்தியில் 1,50,000 டன் முடிந்தது என்று வெற்றி முழக்கம். லாரியோனவுக்கு 'சோஷலிச உழைப்பு வீரர்' பட்டம். அடுத்த வருஷம் 1,80,000 டன் என்று உறுதி. அந்த அடுத்த வருஷம் ரியாசான் கொடுத்தது சுமார் 30,000 டன். மந்தையில் மூன்றில் இரண்டு பங்கு காலி. மாட்டைப் பறிகொடுத்த விவசாயிகள் பண்ணை வேலைக்கு வர மறுத்ததில் தானிய விளைச்சலும் பாதியாகியிருந்தது. கடைசியில் மாஸ்கோவிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார்கள். 1960 செப்டம்பரில் லாரியோனவ் இறந்துபோனார். தற்கொலை என்றுதான் பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தனி ஆளாக அவரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 48,000 டன்னும் இயன்றால் கொஞ்சம் கூடவும் தருகிறோம் என்று உண்மையை எழுதியிருந்தால் அவர் பெயர் பிராவ்தாவில் வந்திருக்காது. பதவியும் நிலைத்திருக்காது.

கறியைப் பெருக்கக் குருஷ்சேவ் நம்பிய இன்னொன்று சோளம், அதாவது மக்காச்சோளம். 1959-ல் அமெரிக்கா போனபோது அயோவாவில் ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற விவசாயியின் பண்ணைக்குப் போனார். பின்னால் பத்திரிகையாளர் கூட்டம் மொய்க்க, கடுப்பான கார்ஸ்ட் தீவனத்தை அள்ளி அவர்கள் மேல் வீசினார். குருஷ்சேவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஊர் திரும்பியவர் பனி விழும் வடக்கிலெல்லாம் இன்னும் அதிகமாகச் சோளம் போடச் சொன்னார். 1962-ல் 3.7 கோடி ஹெக்டேர். பல இடங்களில் தண்டு முளைத்தது, கதிர் பிடிக்கவில்லை.

1962 ஜூன் முதல் தேதி இறைச்சி விலையை சுமார் 30 சதவீதமும் வெண்ணெய் விலையை 25 சதவீதமும் ஏற்றினார்கள். நவச்செர்காஸ்க் ரயில் எஞ்சின் ஆலையில் கூலியையும் அப்போதுதான் குறைத்திருந்தார்கள். இனி எதைத் தின்பது என்று கேட்ட தொழிலாளிகளிடம், கறி கிடைக்காவிட்டால் ஈரல் போட்ட பணியாரம் தின்னுங்கள் என்று இயக்குநர் பதில் சொன்னார். மறுநாள் செங்கொடியும் லெனின் படமும் பிடித்து வந்த ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கப்புறம் ஏழு பேருக்கு மரண தண்டனை. செய்தி கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சோவியத் பத்திரிகைகளில் வரவில்லை. அன்றிலிருந்து வெகுகாலம் இறைச்சி விலையைத் தொட எந்தத் தலைவருக்கும் துணிச்சல் இல்லை. பண்ணைக்குக் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போக, கடை விலை அப்படியே நிற்க, நடுவில் உள்ள பள்ளத்தை அரசு நிரப்பியது. ரொட்டி அவ்வளவு மலிவு, தீவனத்தைவிட லாபம் என்று பன்றிக்கு ரொட்டி வாங்கிப் போட்டார்கள். அதைத் தடுக்க 1956-லேயே ஒரு ஆணை போட வேண்டியிருந்தது. பன்றியின் பொருளாதார அறிவைப் பற்றி கோஸ்பிளானில் யாரும் ஆய்வு செய்யவில்லை.

அந்த மலிவில் நமக்கும் பங்கு வந்தது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, உயர்தரக் காகிதம், ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் செய்த அருமையான மொழிபெயர்ப்பு, எல்லாம் சேர்ந்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சியில் ஒரு சாப்பாட்டுக் காசுக்கும் குறைவாகக் கிடைத்தன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே டால்ஸ்டாயையும் செக்காவையும் அப்படித்தான் படித்தது. அந்த விலையை நிர்ணயித்தவரைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. என் அலமாரியில் பாதி அவர் உபயம்.

1961-ல் கட்சி தன் புதிய வேலைத்திட்டத்தில், 1980-க்குள் கம்யூனிசம் பெருமளவில் கட்டி முடிக்கப்படும் என்று எழுதிவிட்டது. தேதி போட்டு எழுதும் தீர்க்கதரிசிக்கு ஆபத்து அதிகம். 1980 வந்தது. கம்யூனிசத்துக்குப் பதிலாக ஒலிம்பிக் நடத்தினார்கள் என்பது மாஸ்கோக்காரர்களின் நகைச்சுவை. அதற்குள் உலகத்தின் மிகப் பெரிய விளைநிலம் உள்ள நாடு கோதுமை வாங்கப் பழகியிருந்தது. 1963-ல் கனடாவிடமும் அமெரிக்காவிடமும் வாங்கியது. 1972-ல் ஒரு கோடி டன் அளவில் வாங்கியபோது அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்காக மானியம் வேறு கொடுத்தது. சோவியத் வியாபாரிகள் வாயைத் திறக்காமல் பல கம்பெனிகளிடம் தனித்தனியாக வாங்கி முடித்த பிறகுதான் வாஷிங்டனுக்கு விஷயம் உறைத்தது. சந்தையை இவ்வளவு கச்சிதமாகக் கையாண்ட கூட்டத்தை நாட்டுக்குள்ளே மட்டும் ஏன் கடை போட விடவில்லை?

இதைவிட ரசமான சங்கதி சோஷலிச நாடுகள் தங்களுக்குள் செய்த வியாபாரம். போலந்து நிலக்கரிக்கு ஹங்கேரி என்ன கொடுப்பது, செக்கோஸ்லோவாகிய இயந்திரத்துக்கு ரஷ்ய எண்ணெய் எவ்வளவு? திட்டமிட்ட விலை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி, எதற்கும் அர்த்தம் கிடையாது. 1958-ல் புகாரெஸ்டில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முதலாளித்துவ உலகச் சந்தையில் என்ன விலையோ, அதன் சராசரியை வைத்துக்கொள்வோம். உலகப் புரட்சி முடிந்த பிறகும் ஒரு முதலாளித்துவ நாட்டை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் விலை தெரியாது என்று ஊரில் சொல்லப்பட்ட நகைச்சுவை, உண்மையில் கூட்டத் தீர்மானம்.

கொர்பச்சேவ் வந்து 1985-ல் முதல் வேலையாகச் சாராயத்தைக் குறைத்தார். பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழுந்தது; ஜனங்கள் வீட்டில் காய்ச்ச ஆரம்பித்ததில் சர்க்கரை கடையிலிருந்து மறைந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1991-ல் கோஸ்பிளானும் இல்லை, நாடும் இல்லை.

1992 ஜனவரி 2-ம் தேதி பெரும்பாலான விலைகளை அரசு அவிழ்த்துவிட்டது. பொறுப்பேற்றவர் 35 வயது எகோர் கைதார். தாத்தா அர்க்காதி கைதார் செம்படைத் தளபதி, சோவியத் பிள்ளைகள் அத்தனை பேரும் படித்த கதாசிரியர். பேரன் அதற்கு முன்பு பார்த்த உத்தியோகம் 'கம்யூனிஸ்ட்' இதழிலும் பிறகு 'பிராவ்தா'விலும் பொருளாதாரப் பகுதி ஆசிரியர். அந்த ஒரு வருஷத்தில் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. வரிசைகள் கலைந்தன, சேமிப்பும் கலைந்தது. மாஸ்கோவில் கோஸ்பிளான் இருந்த பெரிய சாம்பல்நிறக் கட்டடத்தில் இப்போது ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவை உட்கார்ந்திருக்கிறது. அங்கே இலக்கு, டன், சதுர மீட்டர் எதுவும் கிடையாது. வாக்கெடுப்பின் முடிவு மட்டும் வாக்கெடுப்புக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.